வேதநாயக சாஸ்திரியாரின் இரு வழக்குகள்

தமிழ் இலக்கிய வரலாற்றில் இரண்டு வேதநாயகர்கள் உண்டு. இருவரும் கிறித்தவர்கள், இருவரும் காவிரிப் பாசனத்தில் வாழ்ந்தவர்கள். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து, 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையைப் பள்ளிப் பாடநூல்கள் எல்லாருக்கும் அறிமுகப்படுத்திவிட்டன. அவருக்கு அரை நூற்றாண்டு மூத்தவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைத் தேவாலயத்துக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. தேவாலயத்துக்கு உள்ளேயும் அவருடைய பாடல்கள் அறியப்பட்ட அளவுக்கு அவருடைய வாழ்க்கை அறியப்படவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. அந்த வாழ்க்கையில், பாராட்டிப் பேச எளிதான ஒரு பாதியும், பேசாமல் கடந்துவிட எளிதான ஒரு பாதியும் உள்ளன.

அவர் பிறந்தது 1774 செப்டம்பர் 7-ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையில். தந்தை தேவசகாயம், சைவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவரானவர். 1785 வாக்கில் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ், சிறுவனின் கூர்மையைக் கண்டு, தந்தையின் ஒப்புதலோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். அப்போது அவனுக்கு வயது பன்னிரண்டைத் தாண்டியிராது.

சுவார்ட்ஸ் அன்றைய தஞ்சையில் வெறும் பாதிரியார் அல்லர். ஹைதர் அலியின் படையெடுப்பால் 1781-இல் வயல்கள் பாழாகிக் கோட்டைக்குள் பஞ்சம் புகுந்தபோது, நெல்லுக்கு விலை கிடைக்குமென்று அரசனும் கம்பெனியும் சொன்னதை நம்பாத குடியானவர்கள், சுவார்ட்ஸின் வாக்கை நம்பித் தானியத்தைக் கொண்டுவந்தார்கள். துளஜா மன்னர் இறக்கும் தறுவாயில், தாம் சுவீகாரம் எடுத்த சிறுவன் சரபோஜியை அவர் பொறுப்பில்தான் விட்டார். ஆக, ஒரே ஆசிரியரின் நிழலில் இரண்டு பிள்ளைகள் வளர்ந்தனர். ஒருவன் 1798-இல் தஞ்சையின் அரசனானான். மற்றவன், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இருபது வயது நிரம்புவதற்குள், தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமையாசிரியரானான். சரபோஜியைவிட வேதநாயகர் மூன்று வயது மூத்தவர். இருவருக்கும் இடையிலான நட்பு அரசன் இறக்கும்வரை நீடித்தது.

இடையில் தரங்கம்பாடியில் அவருக்கு இறையியல் கல்வி வாய்த்தது. தமிழில் புதிய ஏற்பாடு முதன்முதலில் அச்சேறிய ஊர் அது. சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பில் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-லும், முழுப் புதிய ஏற்பாடு 1715-லும் அங்கே வெளிவந்தன. எழுபது எண்பது ஆண்டுகளாக அச்சில் இருந்த அந்த வேதத்தைத் தமிழ்க் காதுக்கு ஏற்ற வடிவில் கொண்டுவர ஒருவர் தேவைப்பட்டார்.

இந்தத் தேவையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. இயேசு சொன்ன உவமைகள் பெரும்பாலும் வயலிலும் ஏரிக்கரையிலும் வீட்டு முற்றத்திலும் பிறந்தவை. ஆனால் அந்த வயல் கலிலேயாவின் மானாவாரி நிலம். விதைப்பவன் கைவீசித் தூவுகிறான். சில விதைகள் வழியோரத்திலும், சில பாறையிலும், சில முள்ளிலும் விழுகின்றன. நாற்றங்காலில் விதைத்து, முளைத்ததைப் பறித்து, முடிச்சு முடிச்சாக எடுத்துச் சென்று நடும் தஞ்சாவூர் உழவனுக்கு இப்படி விதைப்பவன் பொறுப்பற்றவனாகத்தான் தோன்றியிருப்பான். சொற்களை மட்டும் மொழிபெயர்த்தால் உவமை வந்துசேராது. அதைக் கேட்கும் ஊரின் பழக்கமும் அதோடு கூட வேண்டும்.

வேதநாயகர் செய்தது இந்த வேலைதான். 1800-இல் அவர் இயற்றிய 'பெத்லகேம் குறவஞ்சி' அதன் உச்சம். குறவஞ்சி அவருடைய பிறந்த சீமையின் சொத்து. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி அங்கேதான் பிறந்தது. குடியேறிய தஞ்சையிலும் அது அரண்மனையின் விருப்பக் கலையாக இருந்தது. சரபோஜியைத் தலைவனாகக் கொண்டு சிவக்கொழுந்து தேசிகர் பாடிய குறவஞ்சி பெரிய கோயிலில் நடிக்கப்பட்டது. மராத்தியில் உலகின் பூகோளத்தைக் குறவஞ்சிப் பாட்டாக்கிய நூல் ஒன்று சரபோஜியின் பெயரிலேயே வழங்குகிறது.

குறவஞ்சியின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். உலாவரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்கிறாள், வாடுகிறாள். குறத்தி வந்து மலைவளம் சொல்லி, கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள். பறவை பிடிக்கும் சிங்கன், உதவியாளோடு கண்ணி வைத்து, பிறகு காணாமற்போன தன் சிங்கியைத் தேடி அலைந்து கண்டடைகிறான். வேதநாயகரின் நூலில் உலாவரும் தலைவன் பெத்லகேமில் பிறந்த இயேசு. தலைவி தேவமோகினி, சீயோன் குமாரத்தி, அதாவது திருச்சபை. குறி சொல்லும் குறத்தி விசுவாசம். சிங்கன் குருப்பட்டம்; அவனுக்குத் துணைவரும் நூவன் உபதேசியார். அவர்கள் விரிக்கும் வலையில் அகப்படும் பறவைகள் மனிதர்கள். கலிலேயாக் கடலோரத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர்களை இயேசு தம் முதற் சீடர்களாக அழைத்ததும், இனி மனிதர்களைப் பிடிப்பீர்கள் என்று அவர்களுக்குச் சொன்னதும் நற்செய்தியில் வருகின்றன. அந்த மீன்வலையைத் தமிழ்ப் பறவை வலையாக மாற்றியது, என் பார்வையில், நூலின் மிகச் சிறந்த இடம். இதே நூலில் சூரியனை நடுவில் வைத்த புதிய வானநூலும், கண்டங்களின் விவரங்களும் வருகின்றன. பள்ளி ஆசிரியர் அல்லவா, கிடைத்த இடத்தில் பாடம் நடத்தாமல் விடுவாரா?

அவர் கையாளாத சிற்றிலக்கிய வடிவம் குறைவு. ஞானத்தச்ச நாடகம், ஞான உலா, நோவாவின் கப்பற்பாட்டு, ஞான நொண்டி நாடகம், கீர்த்தனைகளின் பெருந்தொகுப்பான ஜெபமாலை என்று பட்டியல் நீளும். நொண்டி நாடகம் என்னும் வடிவத்தைத் தேர்ந்ததே ஒரு நுட்பம். அந்த வடிவத்தின் நாயகன் பொருளைத் தாசியிடம் தொலைத்துத் திருடனாகி, கால் இழந்து, மனம் திருந்தி இறைவன் சந்நிதியில் நலம் பெறுபவன். சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்துப் பசியோடு வீடு திரும்பும் இளைய மகனின் உவமை அதிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

தம்பூராவும் தாளமும் துணைக்கு வர, நின்று பாடிப் பொருள் சொல்லும் கதாப்பிரசங்க முறையைத் தேவாலயத்துக்குள் கொண்டுவந்தவரும் அவரே. சென்னையிலும் திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் சபைகள் அவருக்குப் பட்டங்கள் அளித்தன. சாஸ்திரியார் என்ற அடைமொழி ஒரு வேளாளக் கிறித்தவருக்கு வந்து நிலைத்ததே அந்தக் காலத்தில் சிறிய செய்தியல்ல. பெருவுடையார் மீது பாடும்படி சரபோஜி கேட்டதாகவும், சாஸ்திரியார் மறுத்து இயேசுவின் மீதே ஒரு கீர்த்தனை பாடியதாகவும், அதற்காக அரசன் அவரைப் பகைக்கவில்லை என்றும் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கதை எப்படியானாலும், அந்த அரசவையின் இயல்புக்கு அது முரணானதன்று.

இதுவரை பாராட்டிப் பேச எளிதான பாதி.

1798-இல் சுவார்ட்ஸ் இறந்தார். 1820-களின் நடுவில் தஞ்சை மிஷன் ஆங்கிலத் திருச்சபையின் நற்செய்திச் சங்கத்திடம் சென்றது. புதிதாக வந்தவர்களுக்கு, பழைய லுத்தரன் மிஷனரிகள் கண்டுங்காணாமல் விட்டிருந்த பலவும் உறுத்தின. சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் புதியவர்கள்மீது வைத்த குறைகள் நான்கு. பப்ரிசியஸ் மொழிபெயர்த்துத் தலைமுறைகளாக வாயில் பழகிவிட்ட தமிழ் வேதத்தை மாற்றுகிறார்கள். பண்டிகைகளுக்கும் சடங்குகளுக்கும் மலர் சூட்டுவதைத் தடுக்கிறார்கள். தமிழ் இசையை ஆராதனையிலிருந்தும் நன்மை தீமைகளிலிருந்தும் விலக்குகிறார்கள். சாதிகளைக் கலந்து உட்காரவும் உண்ணவும் வற்புறுத்துகிறார்கள்.

முதல் மூன்றையும் படிக்கும்போது நம் மனம் சாஸ்திரியார் பக்கம் சாய்கிறது. ஐரோப்பியரின் இரைச்சல் குறைந்த பக்தியே பக்தி என்று எண்ணியவர்களிடம், தமிழனும் தன் பூவோடும் பண்ணோடும் கடவுள்முன் நிற்கலாம் என்று வாதாடியவர் அவர். நான்காவதை அடையும்போது அந்த மனம் இடறுகிறது. ஆனால் சாஸ்திரியார் நான்கையும் ஒரே மூட்டையாகத்தான் கட்டினார். நான்குமே அவருக்குத் தமிழ் வழக்கு. சாதியைத் திருத்தப் புறப்படுவது பேதைமை என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் 1829-ஐச் சேர்ந்தது. அதே ஆண்டில் அவர் மிஷன் பணியையும் இழந்தார். முப்பத்தைந்து ஆண்டுக் காலப் பணி.

அவருடைய தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாதி உலகியல் வேறுபாடு. பிறப்பையும் தொழிலையும் உணவையும் ஒட்டியது. ஆன்ம இரட்சிப்புக்கு அது தடையன்று. ஐரோப்பாவில் பிரபுவும் குடியானவனும் ஒரே பந்தியிலா உண்கிறார்கள்? தேவாலயத்தில் வேளாளர் ஒருபுறமும் பறையர் ஒருபுறமும் பாயில் அமர்ந்தாலும், கேட்பது ஒரே பிரசங்கம்தானே? இந்த வாதத்தில் மிஷனரிகளைக் குத்தும் முனை ஒன்று உண்டு. கம்பெனி ஆட்சியில் வெள்ளையருக்கும் இந்தியருக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைக்க அவர்கள் இத்தனை அவசரம் காட்டியதில்லை.

சுவார்ட்ஸ் போன்ற முன்னோடிகளின் நிலை வேறு. அவர்கள் சாதியைப் போற்றவில்லை; வற்புறுத்திப் பிடுங்கினால் சபையே கலைந்துவிடும், காலப்போக்கில் அது தானாகத் தேயும் என்று காத்திருந்தார்கள். 1826 ஈஸ்டர் காலத்தில் தஞ்சைக்கு வந்து, சில நாள்களில் திருச்சியில் உயிர்நீத்த பேராயர் ஹீபரும் மென்மையான இந்த வழியையே விரும்பினார்.

மத்தேயு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஓர் உவமை இருக்கிறது. நல்ல விதை விதைத்த வயலில் இரவோடிரவாகப் பகைவன் களையை விதைத்துவிடுகிறான். பிடுங்கிவிடட்டுமா என்று வேலைக்காரர்கள் கேட்கிறார்கள். வேண்டாம், களையோடு கோதுமையும் வேரோடு வந்துவிடும், அறுவடைவரை இரண்டும் சேர்ந்து வளரட்டும் என்கிறான் நிலத்தின் சொந்தக்காரன். இந்த உவமையைச் சாஸ்திரியார் தம் வழக்குக்குத் துணையாக எடுத்தாண்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் காலத் தஞ்சைச் சபையின் தகராறு முழுவதும் எனக்கு இந்த ஓர் உவமைக்குள் அடங்கிவிடுவதாகத் தோன்றுகிறது என்பதே செய்தி.

நெல் வயலிலும் இதுபோல் ஒரு களை உண்டு. நெற்பயிர் போலவே முகங்காட்டும் குதிரைவாலிப் புல்லைக் கதிர் தள்ளும்வரை புதியவன் பிரித்தறிய மாட்டான். அதற்காக டெல்டாவில் எவரும் அறுவடைவரை காத்திருப்பதில்லை. நட்ட சில வாரங்களில் வயலில் இறங்கிக் குனிந்து, பயிருக்குச் சேதமில்லாமல் களையை மட்டும் பிடுங்கி எறிவதற்கென்றே கைகள் இருந்தன. அந்தக் கைகள் பெரும்பாலும் சேரியிலிருந்து வந்த பெண்களுடையவை. தேவாலயத்தில் மறுபக்கப் பாயில் உட்காரவைக்கப்பட்டவர்களும் அவர்களே. காத்திருக்கலாம் என்ற முடிவை எடுத்தவர்கள் எவரும் அவர்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

காத்திருப்பதன் விலை என்ன என்பதற்கு, சாஸ்திரியார் பிறப்பதற்கு முன்பே தஞ்சையில் ஒரு சான்று உண்டு. ராஜநாயக்கன் என்பவர் தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரர். பறையர் குலத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்திப் புத்தகம் 1720-களில் அவர் கைக்கு வந்தது. தாமே படித்து, மனம் மாறி, படைத்தொழிலை விட்டு உபதேசியாரானார். நாற்பதாண்டுக்கு மேல் தஞ்சைச் சீமையில் அடியும் உதையும் பட்டு ஊழியம் செய்தவர். கடலூரைச் சேர்ந்த வேளாளரான ஆரோன் 1733-இல் தமிழர்களில் முதல் புராட்டஸ்டன்ட் குருவானார். அடுத்த குருப்பட்டத்துக்கு ராஜநாயக்கனின் பெயர் எழுந்தபோது, அவர் கையால் திருவிருந்து பெற மாட்டோம் என்று மேல்சாதிக் கிறித்தவர்கள் மறுத்தார்கள். பட்டம் வேறொருவருக்குப் போயிற்று. ராஜநாயக்கன் 1771-இல் உபதேசியாராகவே இறந்தார்.

சாஸ்திரியாரின் குறவஞ்சியை இந்த வரலாற்றோடு வைத்துப் படித்தால் அது வேறு நூலாகிவிடுகிறது. ஊரூராகத் திரியும் குறத்தியை அவர் விசுவாசமாக்கினார். பறவை பிடித்துத் தின்னும் சிங்கனுக்குக் குருப்பட்டத்தையே கொடுத்தார். குறி சொல்லும் குறத்தி, சீயோன் குமாரத்தியின் கையைத் தன் கையில் எடுத்துப் பார்க்கிறாள். பாட்டில் தடையின்றி நடக்கும் இந்தத் தொடுகைதான் தேவாலயத்துப் பாய்களுக்கு இடையே நடக்கக் கூடாது என்று அவரே பின்னாளில் வழக்காடினார். கவிதையில் கண்டதைக் கவிஞர் வாழ்க்கையில் காணாமற்போவது புதிதல்ல. சாஸ்திரியார் விஷயத்தில், கண்டதும் காணத் தவறியதும் ஒரே பொருள் என்பதுதான் உறுத்துகிறது.

1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முழுவதுமாகவும் கைவிட வேண்டுமென்று கட்டளை பிறப்பித்தார். 1835 தொடக்கத்தில் தஞ்சைக்கு நேரில் வந்தும் அதை வலியுறுத்தினார். மேல்சாதியார் பலர் சபையைவிட்டு விலகினர். அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர், சாதியில் தலையிடாத லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். இத்தகராறு நடந்துகொண்டிருக்கும்போதே சாஸ்திரியாருக்கு மற்றோர் ஆதரவும் போய்விட்டது. பணியிழந்த காலத்தில் தமக்குத் துணைநின்ற சரபோஜி 1832-இல் காலமானார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த சிவாஜியின் அவையில் பழைய செல்வாக்கு இல்லை. அறுபதைத் தொட்ட வயதில், பாட்டும் குடும்பமும் மட்டுமே மிஞ்ச, ஊர் ஊராகப் பாடிச் சென்று காலம் தள்ளினார்.

புதிய மிஷனரிகளும், ஒரு வகையில், சாஸ்திரியார் செய்ததையே செய்தார்கள். அவர் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் காத்தார். அவர்கள் அந்த மூட்டையை அவிழ்க்காமலே வெளியே எறிந்தார்கள். சாதியோடு பூவும் போயிற்று, பண்ணும் போயிற்று. ஜெர்மன், ஆங்கில மெட்டுகளில் தமிழ்ச் சொற்களை இழுத்துப் பாடும் ஞானப்பாட்டுகளே ஆராதனையின் இசையாயின. அந்த மெட்டுகளில் நெடிலும் குறிலும் படும் பாட்டை இன்றும் சில ஆலயங்களில் கேட்கலாம்.

மூட்டையை அவிழ்த்தவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தார்கள். அமெரிக்க மதுரை மிஷன் சாதி விஷயத்தில் மிகக் கடுமையானது. 1847-இல், எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உண்ண மறுத்த உபதேசியார்கள் பலரை அது வேலையிலிருந்து நிறுத்தியது. சாஸ்திரியார் எதையெல்லாம் எதிர்த்தாரோ, அதையெல்லாம் சட்டமாகவே வைத்திருந்த மிஷன் அது. அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், தமிழர்கள் தமிழ்ப் பண்ணில் பாடினால்தான் உள்ளம் கலந்து பாடுவார்கள் என்பதைக் கண்டுகொண்டார். எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த சாஸ்திரியாரிடமிருந்து கீர்த்தனைகளைப் பெற்று, 1853-இல் தமிழ்க் கீர்த்தனைத் தொகுப்பொன்றை வெளியிட்டார். அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. இராகமும் தாளமும் குறிக்கப்பட்டு, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற முறையோடு அவை ஆராதனைக்குத் திரும்பி வந்தன. பின்னர் எல்லாப் புராட்டஸ்டன்ட் சபைகளிலும் பரவிய கீர்த்தனைப் புத்தகங்களுக்கு இதுவே தாய்நூல்.

சாதியும் சங்கீதமும் ஒன்றையொன்று பிரியாதவை என்ற வாதம், அதை முன்வைத்தவர் உயிரோடு இருக்கும்போதே இப்படிப் பொய்த்துப்போயிற்று. அதைப் பொய்ப்பித்ததும் அவருடைய பாட்டுகள்தாம். 1864 ஜனவரி 24-இல், எண்பத்தொன்பதாம் வயதில், தஞ்சையில் அவர் காலமானார். சாதி பற்றிய தம் கருத்தை அவர் மாற்றிக்கொண்டார் என்பதற்குச் சான்றில்லை.

சாஸ்திரியாரின் முதல் வழக்கு வென்றுவிட்டது. டெல்டாவின் கிறித்தவத் திருமணங்களில் மாலையும் மேளமும் இன்று யாருக்கும் கேள்வியில்லை. அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகக் கதாப்பிரசங்க மரபைத் தஞ்சையில் காத்துவருகின்றனர். இரண்டாம் வழக்கு சட்டப்படி தோற்றது. ஆனால் தீர்ப்பு இன்னும் எல்லா இடத்திலும் நிறைவேறவில்லை. சபைப் பிரிவுகள் மாறினாலும் நோய் ஒன்றுதான். காவிரிக்கரைத் திருச்சியில், கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் ஒன்றை இறந்தவர்களின் சாதி பார்த்து இரண்டாகப் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றிப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன.

சென்ற மார்கழியில் கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர்ச் சபையில் கிறிஸ்துமஸ் பஜனை கேட்டேன். சபையார் ஏறத்தாழ அனைவரும் தலித் மக்கள். பலர் அன்று காலையில் தாளடி வயலில் களையெடுத்துவிட்டு வந்தவர்கள். பாடியவற்றில் பாதி சாஸ்திரியாரின் கீர்த்தனைகள். தாளத்துக்கு மிருதங்கம் இல்லை, பறை இருந்தது. இயற்றியவர் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை, கேட்கவுமில்லை.